பட்டாசு லாரிக்கு ஒயர் இழுப்பவன்

பட்டாசு லோடு ஏற்றும் லாரியில் புதிதாக ஒரு ஒயர் இழுத்தால், பேட்டரியிலிருந்து முதல் ஒரு ஜாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஜிபிஎஸ், சர்வர், செல்போன் ஆப் எல்லாம் அதற்கு அப்புறம். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். பியூஸ் இல்லாத ஒயர் சேஸிஸ் விளிம்பில் உரசி, மேல்தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் கண்முன்னே பழுத்துச் சிவக்கும். கேபினுக்குப் பின்னால் பாடிக்குள் அட்டைப்பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஊர் இருக்கன்குடி. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம். மாரியம்மன் கோயிலுக்கு வெளியூர் ஜனம் திரண்டு வருவது ஆடிக் கடைசி வெள்ளிக்கு. லாரிகள் வருவதற்கு நாள் கணக்கே கிடையாது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டியில் புது வண்டி எடுப்பவர்கள் முதல் லோடுக்கு முன்னால் இங்கே கொண்டுவந்து பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் அந்த வண்டிகளின் மீட்டர் போர்டை எட்டிப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது. சாத்தூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சேர்ந்து செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஹாரன் ரிலே என்று பழகினேன். அந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு மின்சாரம் தேவைப்பட்டது ஸ்டார்ட் பண்ணுவதற்கும் லைட்டுக்கும்தான். மற்றதெல்லாம் பம்பும் நாசிலும் இரும்புக் கம்பியும்.

சிவகாசியிலிருந்து வடக்கே லோடு போன வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய, அன்று டிரைவர் எஸ்டிடி பூத்தில் இறங்கிப் பேச வேண்டும். ஓசூர் தாண்டினால் ஒரு போன், ஹைதராபாத்தில் ஒரு போன், நாக்பூரில் ஒரு போன். நடுவில் இரண்டு நாள் சத்தமே இல்லாவிட்டால் புக்கிங் ஆபீஸில் யாருக்கும் சோறு இறங்காது. அமெரிக்காவில் அதே காலத்தில் லாரி கேபின் மேல் ஆன்டெனா வைத்து, செயற்கைக்கோள் வழியாகவே டிரைவரும் ஆபீஸும் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குவால்காம் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த ஆம்னிட்ராக்ஸ் அது. நமக்கு அது கட்டுப்படியாகிற விலை இல்லை. ஜிபிஎஸ் சிப் விலை இறங்கி, செல்போன் டவர் நெடுஞ்சாலை முழுக்க வந்த பிறகுதான் இங்கே டிராக்கர் பெட்டிகள் வரத் தொடங்கின.

ஆரம்பத்தில் வந்த பெட்டிக்கு மூன்று ஒயர்: சிவப்பு பேட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு, இன்னொன்று சாவி போட்டால் கரண்ட் வரும் இக்னிஷன் லைனுக்கு. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நேரக்குறிப்புகளை வைத்து அது தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். சிம் கார்டு வழியாக அதைச் சர்வருக்கு அனுப்பும். சாவி போட்டிருக்கிறது, வண்டி நகரவில்லை என்றால் ‘ஐடில்’. சாவி இல்லை என்றால் ‘பார்க்கிங்’. திரையில் வண்ண வண்ணமாக ஓடும் வண்டிப் படங்களுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். செயற்கைக்கோள் பெட்டியைப் பார்ப்பதில்லை, பெட்டிதான் செயற்கைக்கோளைக் கேட்கிறது. இதைப் புரியவைக்க எனக்கு இன்றைக்கும் நேரம் பிடிக்கிறது. “சாட்டிலைட்ல நம்ம வண்டி தெரியுதாய்யா?” என்று கேட்காத முதலாளி இல்லை.

டவர் இல்லாத காட்டு வழியில் பெட்டி சும்மா இருக்காது. எடுத்த புள்ளிகளைத் தனக்குள் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகத் தள்ளிவிடும். அரசு கொண்டுவந்த ஏஐஎஸ் 140 தரத்தில் குறைந்தது 40,000 புள்ளிகளைப் பெட்டி தாங்க வேண்டும்; மெயின் பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் 4 மணி நேரம் பேச வேண்டும்; நம் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களையும் கேட்க வேண்டும்; ஆபத்துக்கு அழுத்த ஒரு சிவப்புப் பட்டன் வேண்டும். பயணிகள் வண்டிக்கு முதலில் வந்த இந்த விதி, அபாயச் சரக்கு ஏற்றும் லாரிகளுக்கும் நீண்டது: புது மாடல்களுக்கு 2022 செப்டம்பர் 1 முதல், ஏற்கெனவே ஓடிய மாடல்களில் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு 2023 ஜனவரி 1 முதல். எங்கள் பக்கத்தில் இது முக்கியம். வேகத்துக்கும் அப்படியே. 2015 அக்டோபர் முதல் தயாரான சரக்கு வண்டிக்குப் பொதுவாக 80 கிலோமீட்டர் உச்சவேகம். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, அபாயச் சரக்கு வண்டிக்கு 60. பழைய வண்டியில் இதற்குத் தனி கவர்னர் பெட்டி வைத்து டீசல் போகும் வழியில் வால்வு போட்டோம். சென்சார் வண்டியில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரிலேயே எண்ணை எழுதிவிடுகிறார்கள். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் அது டீசலைக் கூட்டாது.

சென்சார் வண்டி என்று நாங்கள் சொல்வது எலக்ட்ரானிக் எஞ்சின் வண்டியை. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதி நாடு முழுக்க வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6. அதற்கு ஈடுகொடுக்க ஒரே லாரிக்குள் பல கம்ப்யூட்டர்கள். இசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், புகையில் யூரியாத் தண்ணீர் தெளிக்கும் பகுதிக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, மீட்டர் போர்டு ஒன்று. இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது இரண்டே ஒயரில். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும் அந்த ஜோடிக்குக் கேன் லைன் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ஏற்பாடு. லாரிகளுக்கு அதன் மேல் ஜே1939 என்ற பொது மொழி எழுதப்பட்டது. பெரும்பாலும் நொடிக்கு 2,50,000 பிட் வேகம்.

ஊர் மந்தையில் தண்டோரா போடுவது மாதிரிதான் இது. எஞ்சின் கம்ப்யூட்டர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. “எஞ்சின் சுற்று இவ்வளவு” என்று லைனில் போட்டுவிடும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், சின்ன எண் உள்ள செய்தி முதலில் போகும். மற்றது தானாக ஒதுங்கிக் காத்திருக்கும். நாம் மாட்டும் பெட்டி அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று காது கொடுக்கிறது. வருவது வெறும் எண். எஞ்சின் சுற்றுக்கான இடத்தில் 12,000 என்று வந்தால் அதை 0.125-ஆல் பெருக்க வேண்டும்: நிமிடத்துக்கு 1,500 சுற்று. ரேடியேட்டர் தண்ணீர்ச் சூட்டுக்கு 130 என்று வந்தால் 40-ஐக் கழிக்க வேண்டும்: 90 டிகிரி. டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் என்று கம்பெனியிலிருந்தே பொருத்தி வரும் ஏற்பாடுகள் இந்த லைனைத்தான் படிக்கின்றன. மைலேஜ், கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டுவது, அதிகச் சுற்றில் எஞ்சினை விரட்டுவது, யூரியா தீர்வது, பழுதுக் குறியீடு, எல்லாம் ஊரில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வந்துவிடுகிறது.

கேட்க மட்டும் செய்ய வேண்டிய பெட்டி வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். எட்டூர்வட்டம் டோல்கேட்டுக்கு அருகே நின்றுவிட்டது என்று போன். சிவகாசியில் லோடு ஏற்றிக் கிளம்பிய வண்டி. மீட்டர் போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது, வேகம் ஏறவில்லை, முள் ஒன்று விழுந்து விழுந்து எழுகிறது. டிரைவர் அண்ணனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். “பம்பு போச்சோ, என்னவோ தம்பி. நேத்துவரைக்கும் நல்லா ஓடுன வண்டி” என்றார். முந்தின நாள் என்ன வேலை நடந்தது என்று கேட்டேன். வேறொரு ஊரில் புதிதாக டிராக்கர் மாட்டியிருக்கிறார்கள்.

சாவியை எடுக்கச் சொல்லி, மெயின் ஸ்விட்சை அணைத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் கேன் ஹைக்கும் கேன் லோவுக்கும் நடுவே தொட்டேன். இந்த லைனின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒன்று இருக்கும். செய்தி முட்டித் திரும்பி எதிரொலிக்காமல் அதுதான் தடுக்கிறது. இரண்டும் இணையாக இருப்பதால் நல்ல வண்டியில் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு கடைசி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டன. இந்த வண்டி 40 காட்டியது. 120 ஓம் மூன்று இணையாக இருந்தால்தான் 40 வரும். ஆக, மூன்றாவது ரெசிஸ்டரை யாரோ கொண்டுவந்து நுழைத்திருக்கிறார்கள்.

டேஷ்போர்டைக் கழற்றினேன். மஞ்சள், பச்சை ஒயர்களின் முறுக்கைப் பிரித்து நீளமாக விட்டு, கடித்துப் பிடிக்கும் கிளிப் இரண்டு போட்டு, இரண்டு மீட்டருக்கு மேல் சாதா ஒயரில் இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். இந்த லைனில் கிளை ஒயர் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் 120 ஓம் ரெசிஸ்டரையும் அணைக்காமல் விட்டிருந்தார்கள். கிளிப்பைக் கழற்றி, கடிபட்ட இடத்தை வெட்டி, சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போர்த்தி, திரும்ப முறுக்கிக் கட்டினேன். மீட்டர் 60. வண்டி சரியாக இழுத்தது. எதையும் வெட்டாமல் ஒயரின் மேல்தோலைக் கவ்வியபடியே படிக்கும் ரீடர்கள் இப்போது கிடைக்கின்றன. பட்டாசு வண்டிக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். சில ஆயிரம் கூடுதல் ஆனாலும்.

ஒயர் விஷயத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது வேறொன்று. கேபின் ஃபேனுக்கும் பாட்டுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரிக்கு நடுவில் இருந்து லைன் எடுத்துவிடுவது. ஒரு பேட்டரி மட்டும் வேலை செய்து இளைக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவு ஊட்டுவதால் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கும், அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் வேண்டும் என்று விதி கேட்கிற வண்டியில், பேட்டரிப் பெட்டிக்குள் நாமே பொறிக்கு வழி செய்யலாமா? 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது. வெல்டிங்குக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பாடி வேலைக்கு முன்னால் பேட்டரியையும் இசிஎம் சாக்கெட்டையும் கழற்றாமல் வெல்டு வைத்து கம்ப்யூட்டர் கருகிய வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

டீசல் சென்சாருக்கு வருகிறேன். பெட்டி வந்த பிறகு மனிதர்களுக்குள் அதிகமாகப் பகை மூட்டியது அதுதான். டேங்குக்குள் செங்குத்தாக ஒரு குழாய். டீசல் மட்டம் ஏற இறங்க அதன் மின்தேக்கு அளவு மாறும். டேங்கைக் காலி செய்து, 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு படிக்கும் சென்சார் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டால்தான் அதன் வாக்கை நம்பலாம். பலர் அந்தப் பொறுமை இல்லாமல் கம்பெனி கொடுத்த அட்டவணையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

லாரி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் செல்போனை நீட்டினார். இரவு பதினொன்றரைக்கு வரைபடத்தில் சரக்கென்று 30 லிட்டர் இறக்கம். “பாத்தீரா? நிப்பாட்டுன இடத்துலயே உருவிட்டான். நாளைக்கு அவன் கணக்க முடிச்சிருதேன்” என்றார். டிரைவர் பையன் கொஞ்சம் தள்ளி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். போனை வாங்கி வரைபடத்தை விரித்துக் காலை வரைக்கும் நகர்த்தினேன். ஐந்து மணிக்கு வண்டி கிளம்பிச் சமதளத்துக்கு வந்ததும் கோடு பழைய மட்டத்துக்கே ஏறி நின்றது. நடுவில் டீசல் போட்ட பில் இல்லை. “திருடுன டீசல் தானா டேங்குக்குத் திரும்பி வருமா அண்ணாச்சி?” என்றேன். மேடான இடத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தியிருக்கிறான். டீசல் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. டேங்கின் முன்பாதியில் மாட்டியிருந்த சென்சார் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, “சாப்பிட்டியாலே?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து டேங்கில் சென்சார் மாட்டும் ஒவ்வொருவரிடமும் மூன்று கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்: பங்க் பில், டேங்க் மட்டம், எஞ்சின் தன் நாசில் வழியாக எரித்ததாகக் கேன் லைனில் சொல்லும் அளவு. மூன்றும் சேர்ந்து கைநீட்டினால் பேசலாம். ஒன்று மட்டும் சொன்னால் பொறுக்க வேண்டும். வெயிலே டீசல் மட்டத்தை மாற்றும்: 350 லிட்டர் டீசல் 15 டிகிரி குளிர்ந்தால் நாலரை லிட்டர் போலச் சுருங்கும். வேகத்திலும் இப்படி உண்டு. மீட்டர் போர்டு வேகம் கியர்பாக்ஸின் சுழற்சியை எண்ணிச் சொல்வது. ஜிபிஎஸ் வேகம் செயற்கைக்கோள் குறிப்புகளை வைத்துப் பெட்டி கணக்கிடுவது. டயர் தேயத் தேய மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றாக இல்லை என்பதற்காக டிரைவரைப் பொய்யன் என்று சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பெட்டிக்கு ஐரோப்பாவில் ஒரு மூத்த உறவு இருக்கிறது: டேகோகிராஃப். முன்பு காகிதத் தட்டில் ஊசி கீறும். 2006 மே முதல் அங்கே புதிய வண்டிகளில் டிஜிட்டல். அதன் முதல் வேலை டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பதிவது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. நாளுக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வழியில் நிறுத்திச் சோதிப்பார்கள். மீறியிருந்தால் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும். நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் வைத்தது. அபாயச் சரக்கு வண்டிக்கு டேகோகிராஃப் வேண்டும் என்று மோட்டார் வாகன விதியும் சொல்கிறது. அந்த வண்டி ஓட்டுபவர் மூன்று நாள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நாங்கள் மாட்டும் பெட்டியில் அந்தக் கணக்கெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. சாவி எப்போது போட்டார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், இடையில் எவ்வளவு நேரம் வண்டி அசையாமல் நின்றது, எல்லாமே சர்வரில் கிடக்கிறது. ‘தொடர் ஓட்டம்’ என்று தனி அறிக்கையே உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வடக்கே போகும் வண்டிகளில் அதைத் திறந்து பார்த்தால் மனசு கேட்காது. ஓசூரிலிருந்து ஹைதராபாத் தாண்டி ஒரே இழுப்பு. கோடு நடுவில் உடைவது டோல்கேட்டில் மட்டும். பின்னால் பட்டாசு, முன்னால் தூக்கம் வழியும் கண். ஆனால் முதலாளிகள் திறப்பது டீசல் அறிக்கையையும் ‘வண்டி எங்கே’ திரையையும்தான். நின்ற நேரத்துக்கு விளக்கம் கேட்டு டிரைவருக்குப் போன் போகும். நிற்காத நேரத்துக்கு யாரும் கேட்பதில்லை. ஓடும்போது வரும் அந்தப் போனே ஒரு ஆபத்து.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரிடம் இதை எடுத்துச் சொல்லி, ஓட்ட நேரத்துக்கு வரம்பு வைக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். லோடு நேரத்துக்குப் போகாவிட்டால் பார்ட்டி வாடகையில் பிடிப்பான் என்றார்; அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்புறம் அவர் வண்டிகளின் தொடர் ஓட்ட அறிக்கையையும், அதே வண்டிகளில் திடீர் பிரேக் அடித்த நேரங்களையும் ஒரே தாளில் எடுத்துக் காட்டினேன். பின்னிரவு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள், ஆறு ஏழு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, பிரேக் புள்ளிகள் கொத்தாக விழுந்து கிடந்தன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போது அவர் வண்டிகளில் நாலரை மணி நேரம் தாண்டினால் கேபினில் பஸ்ஸர் அடிக்கும், அவர் செல்போனுக்கும் செய்தி போகும். தூர லோடுகளுக்கு இரண்டு டிரைவர் அனுப்புகிறார். வாடகை பேசும்போதே நாளைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார்.

மற்றவர்களும் அப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. என் கையில் இருப்பதை நான் செய்கிறேன். புது வண்டி வந்தால் பியூஸ் பார்க்கிறேன், 60 ஓம் பார்க்கிறேன், எர்த் போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்குகிறேன், சிவப்புப் பட்டனை டிரைவரையே அழுத்தச் சொல்லிச் சர்வரில் அலாரம் வருகிறதா என்று சரிபார்க்கிறேன். பிறகு முதலாளியின் செல்போனை வாங்கி, ஆப்பைத் திறந்ததும் ‘தொடர் ஓட்டம்’ முதல் பக்கமாக வரும்படி அமைத்துவிட்டு, அதன் பிறகே பில் எழுதுகிறேன்.